பட்டியலின் கடைசிப் பெயர்

தன் முப்பாட்டன் வேம்புலி பட்டாளத்துச் சிப்பாய் என்று கன்னியப்பன் சொன்னால் செம்பரம்பாக்கத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அதை எழுத்தில் காட்டிவிட்டால் பண்ணையாள் வேலையை உதறிவிட்டு, பூந்தமல்லியில் சிப்பாய்க் குடும்பங்களின் தெருவில் குடியேறலாம்.

1931 ஆடியில் பென்ஷன் ஆபீஸ் குமாஸ்தா வரதன் பழைய பதிவேட்டைப் பிரித்தார். சிப்பாய் வேம்புலி, இறந்தது 1874. கீழே குடும்பத்தார் பெயர்கள், ஒரே கையெழுத்தில், ஒரே பழுப்பேறிய மசியில். மனைவி, மகன், பேரன். அதற்கும் கீழே, அந்த வருஷத்தில் பிறந்தே இராத கன்னியப்பன், அவன் மனைவி தாயம்மா. வரதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பதிவேட்டில் இருந்தால் இருக்கிறது. கேள்வி கேட்பது குமாஸ்தா வேலையல்ல.

“கடைசியா மகள் பச்சையம்மாள்னு இருக்கே. எங்கே அவ?”

“எங்களுக்குக் கொயந்தையே இல்லீங்க” என்றான் கன்னியப்பன்.

“அப்போ இது உன் குடும்பமில்லை.” வரதன் பதிவேட்டை மூடப் போனார்.

கணவனுக்குப் பின்னால் நின்றிருந்த தாயம்மா முன்னால் வந்தாள். “மூடாதீங்க சாமி. மூணு மாசமா முழுகாம கீறேன். பொண்ணு பொறந்தா உன் பேர வெக்கிறேன்னு பச்சையம்மனுக்கு வேண்டிக்கினேன். இவருக்கே இன்னும் சொல்லல.”

வரதன் சான்றிதழில் முத்திரை குத்தினார்.

மறுநாள் ஆண்டையின் களத்துமேட்டில், எல்லோருக்கும் கேட்கும்படி தாயம்மா சொன்னாள்: “நாங்க மூணு பேரும் போறோம்.”