புதன்கிழமை வேலைநாள்

செவ்வாய்க்கிழமை மாலை, வழக்கம்போல் மறுநாள் வேலைகளைக் கம்ப்யூட்டரில் பார்த்த நகைக்கடை மேனேஜர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

புதன்கிழமை கடைக்கு வார விடுமுறை. திரையில் எப்போதும் சிவப்பாக இருக்கும் அந்தக் கட்டம் இன்று பச்சையாக இருந்தது. பச்சை என்றால் வேலைநாள். வேலைநாள் என்றால், காலை பத்து மணிக்கு லாக்கர் அறையின் பூட்டை அந்த சாஃப்ட்வேரே திறந்துவிடும். கடையில் ஆள் இருக்கிறதா, இல்லையா என்றெல்லாம் அது பார்க்காது.

மாற்றியது யார் என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொள்ளும் பையனின் பெயர் கீழேயே பதிவாகியிருந்தது. வாயைத் திறக்க மாட்டான்; ஊமைக்கோட்டான் என்றுதான் அவர் கூப்பிடுவார். போன வாரம்தான் ஒரு நாள் லீவு கேட்டு வந்தான்.

"அதான் புதன்கிழமை இருக்கே, அது பத்தாதா?" என்று விரட்டியிருந்தார்.

அந்த வன்மம்தான் என்று முடிவுகட்டினார். கட்டத்தை மறுபடி சிவப்பாக்க அவருக்கு மனமில்லை. கையும் களவுமாகப் பிடித்தால் முதலாளியிடம் நல்ல பெயர். கோட்டைவிட்டாலோ, வேலை போய்விடும்.

புதன்கிழமைகளில் அவர் வீட்டைவிட்டு நகர்ந்ததே கிடையாது. வாசலில் நாற்காலியைப் போட்டு, இருட்டும்வரை பேப்பர் படிப்பார். இந்தப் புதன்கிழமை விடிந்ததும் கிளம்பினார். காபி ஃபிளாஸ்க்கைக் கொடுக்கும்போது மகள் அழுதேவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. போலீஸ்காரரும் கூட வரார்," என்றார். இவ்வளவு பாசமா என்று அவருக்கே ஆச்சரியம்.

பத்து மணிக்கு 'டக்'கென்று பூட்டு திறந்தது. மேனேஜரும் போலீஸ்காரரும் மேஜைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நேரம்தான் போனது, ஈ காக்கா வரவில்லை. போலீஸ்காரர் காபியைத் தீர்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார்.

பொறுமையிழந்து பையனுக்குப் போன் போட்டார் மேனேஜர்.

"எங்கடா இருக்கே?"

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல சார். இங்கெல்லாம் புதன்கிழமை வேலைநாள்."

"உன் தில்லுமுல்லு எல்லாம் எனக்குத் தெரியும். மரியாதையா சொல்லு, ஏற்கெனவே எவ்வளவு நகை எடுத்தே?"

மறுமுனையில் ஊமைக்கோட்டான் பணிவாகச் சொன்னான்.

"ஒரு குண்டுமணிகூட எடுக்கலை. கட்டின புடவையோடதான் வந்திருக்கா, மாமா."