பன்னிரண்டாவது நாற்காலி

படகு இன்ஜின் மெக்கானிக் சூசைமிக்கேல், குடியை விட்டபிறகுதான் கோயிலுக்கு வருவேன் என்று வீம்பாக இருந்தவன். பல வருடங்களாகக் குடியை விடவும் முடியவில்லை, கோயிலுக்கு வரவும் இல்லை. இந்தப் பெரிய வியாழனன்று, இயேசு தன் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துச் செய்யும் கால் கழுவும் சடங்கில் உட்காரும் பன்னிரண்டு பேரில் ஒருவனாக அவனையும் பங்குச்சாமியார் சேர்த்துவிட்டார். மனைவி பிலோமி கெஞ்சியதால் வந்தான். அதற்கு முன் மண்ணெண்ணெய் விட்டுத் தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தும், கால் நகக்கண்களில் கிரீஸ் கறை போகவில்லை.

சாமியார் செம்பும் துண்டுமாகப் பன்னிரண்டாவது நாற்காலியில் இருந்த அவன்முன் முழங்காலிட்டார். அவன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

“வேண்டாம் சாமி. நேத்தும் குடிச்சிட்டேன். நான் திருந்திட்டு வாறேன்.”

“நீயே கழுவிட்டு வந்தாத்தான் சேத்துக்குவேன்னு ஆண்டவர் சொன்னாராலே? இப்பவே நீ அவரு பிள்ளைதான். காலைக் கொடு.”

அவன் கொடுக்கவில்லை. பாடற்குழுவின் பாட்டு முடிந்துவிட்டது. சாமியார் எழுந்திருக்காமல் கையை ஏந்தியபடியே இருந்தார். கோயில் முழுவதும் காத்திருந்தது.

சூசைமிக்கேல் மெல்லக் காலை நீட்டினான். முதலில் சாமியாரின் கையில் பாரம் படாமல் அந்தரத்திலேயே பிடித்திருந்தான். தொடை நடுங்கத் தொடங்கியது. பிறகு முழுக் காலையும் அந்தக் கையில் விட்டான்.