ஒரு சொட்டு விழக் கூடாது

"டேய், ஒரே ஒரு சொட்டு ஆயில் என் தரையில விழட்டும். சிந்தினவங்க அந்த நிமிஷமே மூட்டை கட்டிட வேண்டியதுதான்!"

கார் ஷெட்டில் அப்பா போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். போன மாதம்தான் வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார். கார் நிறுத்துகிற இடத்துக்கு யாராவது வெள்ளை டைல்ஸ் போடுவார்களா? அவர் போடுவார். ஒர்க்‌ஷாப்காரன் கை வைத்தால் வண்டி நாசமாகிவிடும், ஆயில் ஃபில்ட்டரை வீட்டிலேயே மாற்றித் தொலை என்று மகனை விரட்டியதும் அதே மனுஷன்தான்.

"யார் சிந்தினாலுமாங்க?" அம்மா மெல்லக் கேட்டாள்.

"யாரா இருந்தாலும்! எனக்குப் பேச்சு ஒண்ணுதான்."

தூக்கி நிறுத்திய வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த மகனுக்கு ரத்தம் கொதித்தது. வெளியூர்க் கிளையில் பெரிய வேலை, கூடவே வீடும் தருகிறோம் என்று கம்பெனி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இவரிடம் அம்மாவைத் தனியாக மாட்டிவிட்டுப் போக அவனுக்கு மனசு வரவில்லை.

"எங்ககூட வந்துடும்மா" என்று எத்தனையோ தடவை கெஞ்சிவிட்டான். "அந்த மனுஷன் என்னை எங்கடா விடப் போறாரு?" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது ஒரு சொட்டு விழுந்து, தன்னை வெளியே துரத்திவிட்டால் அம்மா கதி என்ன? பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தான்.

அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, அதன்மேல் செய்தித்தாளைப் பரப்பியிருந்தான். பழைய ஆயில் முழுக்க, அடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் பேசினில் இறங்கிவிட்டது. ஃபில்ட்டரை லேசாகத் தளர்த்தி, பிளாஸ்டிக் பையை அதன்மேல் மாட்டி, பைக்குள்ளேயே திருகிக் கழற்றினான். வழிந்ததெல்லாம் பைக்குள் போனது.

"அசமந்தம்! கை நடுங்குது பாரு" என்றார் அப்பா. பக்கத்தில் நின்ற மருமகள் பக்கம் திரும்பினார். "உன் புருஷனுக்கு அப்பவே புத்தி மட்டு. இப்ப சுத்தமா இல்ல." அடுத்து அம்மா. "எல்லாம் நீ பெத்த லட்சணம்!"

அம்மா புது ஃபில்ட்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவி மகனிடம் நீட்டினாள். அவன் அதைக் கையாலேயே இறுக்கினான். ஆயில் வடித்த துளையின் போல்ட்டை முடுக்கிவிட்டு, பேசினை அலுங்காமல் இழுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

மருமகள் அட்டையையும் தாளையும் சுருட்டி எடுத்தாள். "பாருங்க மாமா, ஒரு துளிகூட இல்ல."

அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து குனிந்து தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. திட்டுவதற்கு வழி இல்லாமல் போனதில் முகம் இன்னும் சிவந்தது.

மகனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அப்பாடா, தப்பித்தோம்!

"அதைக் குடுடா, கேன்ல ஊத்திட்டு வர்றேன்" என்று அம்மா பேசினை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"பாத்தும்மா, ததும்புது."

அவள் பார்த்துத்தான் நடந்தாள். கேன் இருந்த மூலையைத் தாண்டினாள். தரையின் நட்டநடுவில் போய் நின்று புருஷனை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு பேசினைக் கவிழ்த்தாள்.

கன்னங்கரேலென்று ஆயில் வெள்ளைத் தரையில் பரவி அவர் காலடி வரை ஓடியது.

"அடிப்பாவி! போடீ வெளிய! இந்த நிமிஷமே என் வீட்டை விட்டுப் போ!" அப்பா வாசலைக் காட்டிக் கத்தினார்.

அம்மா காலிப் பேசினைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மகனிடம் வந்தாள்.

"அவரே போகச் சொல்லிட்டாருடா. வா, உன்கூடக் கிளம்பறேன்."