வண்டிக்கு வந்த நோவு

ஏரிக்கரை வளைவில் காஞ்சிபுரம் பஸ் வழக்கம்போல நின்றுவிட்டது.

“இன்னா வண்டி இது! பேரீச்சம்பழத்துக்குப் போட்டாக்கூட எவனும் வாங்க மாட்டான்!” என்று பின்சீட்டில் ஒருவர் ஆரம்பித்து வைக்க, மொத்தக் கூட்டமும் சேர்ந்துகொண்டது.

“அஞ்சே நிமிசம். ரேடியேட்டர் கொதிக்குது” என்றபடி டிரைவர் பாண்டுரங்கன் தண்ணீர் கேனோடு இறங்கினார்.

கல்பனா பாதித் தூக்கத்திலிருந்து விழித்தாள். உத்திரமேரூரில் ஏறினாலே அவளுக்கு இப்படித்தான். ஜன்னல் காற்று, பனிமூட்டத்தில் தெரிந்தும் தெரியாமலும் ஏரி, தூளி மாதிரி ஆடும் பஸ். கண்ணை மூடினால் ஆராய்ச்சிதான் கனவாக வரும். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிற பொடித் துணுக்குகள் ஏரித் தண்ணீரில் மீன் குஞ்சுகளாக நீந்தும். செல்லுக்குள் கூச்சல் அதிகமானால் ‘போதும், அடங்கு’ என்று அமர்த்துவதுதான் அவற்றின் வேலை. அந்த வேலை தவறினால் குடல் புண்ணாகிவிடுகிறதோ என்பது அவள் சந்தேகம். தவறுவது எந்தத் துணுக்கு என்று கண்டுபிடிக்கத்தான் இந்த அலைச்சல்.

மடியில் ஐஸ் பெட்டி. அதற்குள் உத்திரமேரூர் டாக்டர் கொடுத்தனுப்பிய குடல் நோயாளிகளின் ரத்தம். குழாயில் எண் மட்டும்தான், பேர் கிடையாது. வெளியில் சொல்லவே கூசுகிற நோய். ஒருவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் டாக்டருக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. ஐஸ் உருகினால் சென்னை லேப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் வீண். போன வாரம் வண்டி இங்கே நின்றதில் அப்படித்தான் வீணாகிப்போய், அவள் அழாத குறை.

இன்றும் அதே வளைவு. கனவு போய்க் கோபம் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

பாண்டுரங்கன் ரேடியேட்டர் பக்கமே போகவில்லை. சாலையோரம் தளதளவென்று நின்ற வேப்பங்கன்றுக்குச் சாவகாசமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன டிரைவர் இது? வண்டிக்குத்தான் தாகம்னு நெனச்சேன்.”

“கொஞ்சம் பொறுத்துக்கோம்மா” என்று சிரித்தார்.

“பொறுக்க முடியாது. இன்னைக்கே உங்க ஆபீஸ்ல எழுதிக் குடுக்கறேன். வேற டிரைவர் வரட்டும்.”

அவர் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. கருவேலம் புதர்ப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, மிச்சத் தண்ணீரையும் கன்றுக்கே ஊற்றினார்.

கல்பனா விறுவிறுவென்று படியேறி வந்தாள்.

“வண்டிக்கு ஒண்ணுமே இல்லீங்க! அந்த ஆளு சும்மா...”

யாரோ அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். கீரைக்காரி சொக்கம்மாள். இத்தனை நேரம் எல்லாரையும்விட உரக்கத் திட்டிக்கொண்டிருந்தது அவள்தான்.

“சும்மா குந்தும்மா. வண்டிக்கு ஒண்ணும் இல்லன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்.”

“தெரிஞ்சுமா இந்தக் கத்து கத்தறீங்க?”

சொக்கம்மாள் ஜன்னலுக்கு வெளியே கண்ணைக் காட்டினாள். புதருக்குப் பின்னாலிருந்து, பனியோடு பனியாக ஒரு பெண் தலைகுனிந்து வந்துகொண்டிருந்தாள். காஞ்சிபுரத்தில் பட்டுக் கடையில் வேலை பார்க்கிற அம்முலு.

“அதுக்கு வவுத்துல புண்ணு. வூட்ல போய்ட்டு வந்தாலும் இந்த எடம் வர்றதுக்குள்ள தாங்காது. வண்டிய நிறுத்துன்னு கேக்க வெக்கம். ஒரு நாளு பாதி வழில எறங்கி நடந்தே திரும்பிப் போயி, வேலயே வோணாம்னு குந்திக்கிச்சு. அப்புறந்தான் பாண்டுரங்கன் வண்டிக்கு இந்த நோவு வந்துச்சு.”

கல்பனா பெட்டியைப் பார்த்தாள். அதிலிருக்கிற எண்களில் ஒன்று இந்தப் பெண்ணாகவும் இருக்கலாம். லேபில் அவள் தேடுகிற நோய் இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்து வந்திருக்கிறது. கல்பனாவோ கனவு கண்டுகொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது.

“சரி, அதுக்கு வண்டிய எதுக்குத் திட்டணும்?” என்றாள் மெதுவாக.

“நாங்க கம்னு குந்தினு இருந்தா, தனக்காவதான் நிக்கிதுன்னு அதுக்குத் தெரிஞ்சிடும். நாளைக்கு வராது.”

அம்முலு படியில் கால் வைத்தாள். கல்பனா போட்ட சத்தத்தில் வாயடைத்துப்போன பஸ் இன்னும் அமைதியாகவே இருந்தது. அந்த அமைதியைக் கண்டு அம்முலு தயங்கி நின்றாள். முகம் வெளுத்துவிட்டது.

பெட்டிக்குள் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. உருகட்டும்.

“இன்னா வண்டி டிரைவர் இது! பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க!” என்று பஸ்ஸே அதிரக் கத்தினாள் கல்பனா.

“அத்தச் சொல்லுங்க மேடம். தெனம் இதே பேஜாரு!” என்று சிரித்துக்கொண்டே அம்முலு ஏறி வந்து உட்கார்ந்தாள்.