முதுகுப் பை

மகளுக்கு அளவெடுக்க டைலரை வீட்டுக்குக் கூப்பிட்டவர் லிஃப்ட் மெக்கானிக். ஆனால் நல்ல லிஃப்டை விட்டுவிட்டு அவர் படியேறத் தொடங்கியதும் டைலருக்கு எரிச்சல் வந்தது. போதாக்குறைக்கு அவர் முதுகில் கனத்த பை வேறு.

“லிஃப்ட் ஓடுதே, அண்ணே?”

“நீங்க அதுல வாங்க. எனக்கு இதுதான் பழக்கம்.”

தனியாகப் போவது மரியாதையில்லை என்று டைலரும் கூடவே ஏறினார். இரண்டாம் மாடியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. நிற்க ஒரு சாக்காக சிகரெட் பெட்டியை நீட்டினார்.

“விட்டுட்டேன்.”

“டாக்டர் மிரட்டிட்டாரா?”

“இல்ல, வீட்டுல.”

பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று டைலர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

“பையில என்ன?”

“பழைய லிஃப்ட் இரும்பு.”

சரியான கிறுக்கு என்றும் முடிவு கட்டினார்.

ஐந்தாம் மாடியில் கதவு திறந்தே இருந்தது. “அப்பா, இன்னிக்கு உன் இருமலே கேக்கல!” என்றாள் சக்கர நாற்காலியில் இருந்த சிறுமி.

வாசலிலேயே நின்றுவிட்ட டைலரிடம் மெக்கானிக் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“ஒருநாள் கரண்ட் போயி லிஃப்ட் நின்னுடுச்சு. இவளைத் தூக்கிட்டு ஏறினேன். பாதியில இருமல் வந்து முடியல. ‘என்னை இங்கயே உட்கார வச்சுட்டு நீ மேல போப்பா’ன்னா. அன்னிக்கு விட்டதுதான் சிகரெட். இந்தப் பை இப்ப அவ எடை.”

டைலர் உள்ளே போய் அளவெடுத்தார். முடித்து எழுந்தபோது, எல்லா வீட்டிலும் சொல்வது அவர் வாயில் தானாக வந்துவிட்டது.

“வளர்ற பொண்ணு. கொஞ்சம் பெருசாவே தைக்கிறேன்.”

“ஆமா, வளர்றா” என்ற மெக்கானிக், இன்னொரு இரும்புத் துண்டை எடுத்துப் பைக்குள் வைத்தார்.