சங்கத்தில் ஒருத்தி

அவள் கல்லில் உட்கார்ந்தாள்.

மற்றவர்கள் ஏலக்காட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் பை கட்டிய முதுகுகள். ஒவ்வொன்றாகச் செடிகளுக்குள் போய் மறைந்தன.

யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று இருந்தாள்.

நாத்தனார் ஜக்கம்மாள் கடைசியாக வந்தாள். செருப்பைச் சரிசெய்கிறவள் போலக் குனிந்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று தோன்றியது. நிமிர்ந்து, போய்விட்டாள்.

உள்ளே மருந்தடிக்கும் மோட்டார் ஓடத் தொடங்கியது.

ஏலக்காய், செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடியில், மண்ணோடு படர்ந்த சரத்தில் காய்க்கிறது. குத்தவைத்து உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். பக்கத்து வரிசையில் மருந்தடித்தால் அது தலையில் இறங்கும். கழுத்து வழியாக முதுகுக்குப் போகும்.

போன மாதம் வேலுத்தாயி அப்படித்தான் காய்ப்பையோடு சரிந்தாள். வாயில் நுரை தள்ளியது. மலையிறக்கிக் கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. காலையில் வெறும் வயிற்றோடு வந்திருப்பாள் என்று தோட்டத்தில் சொன்னார்கள்.

அன்று காலை ஜீப்பில் வேலுத்தாயி பணியாரம் தின்றுகொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்த இவளுக்கும் ஒன்று கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் சங்கம் வைக்கலாம் என்று இவள் பேச ஆரம்பித்தது.

தோட்டத்து லயத்தில் குடியிருப்பவர்களுக்குச் சங்கம் இருந்தது. கீழே கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி வருகிறவர்களுக்கு இல்லை. இங்கே கேட்டால், நீங்கள் தமிழ்நாடு என்றார்கள். ஊரில் கேட்டால், வேலை கேரளத்தில் அல்லவா என்றார்கள். வீடு வீடாகப் போனாள். ஞாயிற்றுக்கிழமை காளியம்மன் கோயிலில் ஜீப்புப் பெண்கள் எல்லோரும் கூடினார்கள். மருந்தடிக்கும் நாளில் யாரும் காட்டில் இறங்குவதில்லை என்று முடிவானது. எரியும் சூடத்தில் கையடித்துச் சத்தியம் செய்தார்கள்.

ஜக்கம்மாளின் கைதான் முதலில் விழுந்தது.

இன்று மருந்தடிக்கும் நாள்.

கங்காணி தங்கராசு வந்தார். ஊர்க்காரர்தான். அவள் கல்யாணத்தில் பந்தியில் முன்னின்று பரிமாறியவர். காட்டில் இறங்காதவர்களை நாளையிலிருந்து ஜீப்பில் ஏற்ற வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். கூட்டம் போட்டது யார் என்றும் கேட்டாராம். தான் வாயைத் திறக்கவில்லை என்றார்.

பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"இப்பப் போனாக்கூட ஒண்ணுமில்ல தாயி. நீ இங்கன உக்காந்திருந்தத நான் பாக்கல."

எழுந்துவிடலாம் போலிருந்தது. எழுந்து, பையைக் கட்டி, அந்த முதுகுகளோடு போய்ச் சேர்ந்துவிடலாம். கையைக் கல்லில் ஊன்றிக்கூட விட்டாள்.

"பாத்தேன்னே சொல்லுங்கண்ணே."

அவர் போய்விட்டார்.

மதியம் மஞ்சு மூட்டம் இறங்கியது. காடு மறைந்தது. பெண்கள் ஓடைப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடும் பாத்திரச் சத்தம் மட்டும் வந்தது. அவள் தன் தூக்குவாளியைத் திறந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டு மூடினாள். மருந்து வாடை கல்லுக்கும் வந்துவிட்டது.

சாயந்தரம் ஜீப்பில் ஏறினாள். எப்போதும் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து வருகிற ஜீப். அன்று அவளுக்குப் பக்கத்தில் இடம் கிடந்தது. மலை இறங்கும்வரை யாரும் அதில் நகர்ந்து உட்காரவில்லை. எதிரே ஜக்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மருந்து எரிச்சலாக இருக்கும்.

வீட்டில் புருஷன் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்திருந்தான். அவன் அக்கா ஜக்கம்மாள் முன்னமே வந்து சொல்லியிருக்க வேண்டும்.

விடிந்ததும் குளித்தாள். வாளியில் சோறு எடுத்துக்கொண்டாள். ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனாள். ஏற்றமாட்டார்கள் என்று தெரியும். வீட்டில் இருந்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

பெண்கள் ஏறினார்கள். அவள் படியில் கால் வைக்கும்போது டிரைவர் கையை ஆட்டினான். வேண்டாம் என்று.

காலை எடுத்துக்கொண்டாள்.

ஜீப் கிளம்பியது.

அவள் அங்கேயே நின்றாள். டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் ரோட்டைப் பார்த்தாள்.

கொஞ்ச தூரத்தில், திருப்பத்துக்கு முன்னால், ஜீப்பின் சிவப்பு விளக்கு எரிந்தது.

யாரோ எதையோ மறந்திருப்பார்கள்.

எஞ்சின் உறுமியபடி இருந்தது. உள்ளிருந்து டிரைவரின் குரல் வந்தது. என்ன சொல்கிறான் என்று புரியவில்லை.

பிறகு எஞ்சின் நின்றது.

பின்பக்கப் படுதா விலகியது. ஒரு கால் வெளியே வந்து தரையைத் தேடியது. ஜக்கம்மாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு இன்னொருத்தி.

அவர்கள் அவளிடம் வரவில்லை. திரும்ப ஏறவும் இல்லை. ரோட்டோரம், ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு, தூக்குவாளிகளோடு நின்றார்கள்.

டிரைவர் இறங்கி, தங்கராசுக்குப் போன் போட்டான். அவன் கத்திப் பேசியது அவள் நின்ற இடம்வரைக்கும் கேட்டது.

"யாரும் வரலயாம்ண்ணே."