புறங்கை

திரைச்சீலைக்குள் நுழைந்த பெண்ணின் நெற்றியில் மருத்துவச்சி புறங்கையை வைத்தாள். வைத்த வேகத்திலேயே எடுத்து, போகலாம் என்று தலையாட்டினாள்.

கப்பலிலிருந்து இறங்கும் பெண்களை ஆண் டாக்டர் தொட்டால் துறைமுகமே ரணகளமாகிவிடும். ஊரார் வாய்க்கெல்லாம் போய்வந்த பாதரசக் குழாயை எவளும் வாயில் வைக்க மாட்டாள். அதனால் டாக்டர் துரை திரைக்கு வெளியே ஹாயாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, காய்ச்சல் சோதனையை இவள் தலையில் கட்டிவிட்டார்.

சுடுகிறது என்று இவள் சொன்னால் போதும். சுடுகிறவள் படகேறி எதிர்த்தீவு கொள்ளைநோய் முகாமுக்குப் போக வேண்டும். அங்கிருந்து திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பிள்ளையை ஒரு படகிலும் தாயை வேறு வழியிலும் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போகிற நாட்களில் இவளுக்குச் சோறு இறங்காது.

இன்று கடவுள் கண் திறந்துவிட்டார். காலையிலிருந்து ஒருத்திக்கும் காய்ச்சல் இல்லை. தொட்ட நெற்றியெல்லாம் பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது.

அடித்துப் போட்டது போல உடம்பு வலித்தது. இருந்தாலும் மனசு லேசாக இருந்தது.

கடைசியாக வந்தவள் மகனை முந்தானைக்குள் பொத்தி வைத்திருந்தாள். பேயறைந்த முகம்.

மருத்துவச்சி முந்தானையை விலக்கித் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை. சிரித்துக்கொண்டே வெளிவாசலைக் காட்டினாள்.

அந்தத் தாய் நம்ப முடியாமல் நின்றாள். பிறகு சட்டென்று மருத்துவச்சியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நேத்துலேருந்து புள்ள உடம்பு அனலா கொதிக்குது. தெரிஞ்சும் விட்டுட்டீங்களே, அக்கா! நீங்க நல்லா இருக்க..."

பேச்சு பாதியில் நின்றது. அவள் பிடித்த கையை உதறினாள்.

"ஐயோ, உங்க கை அதுக்கு மேல கொதிக்குதே!"

மகனை வாரி எடுத்துக்கொண்டு வெளிவாசல் வழியே ஓடினாள்.

வாசலுக்கு அப்பால், காலையிலிருந்து இவள் அனுப்பிவைத்த பெண்கள் உறவுக்காரர்களைக் கட்டிக்கொண்டு கலகலவென்று பேசியபடி ஊருக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

மருத்துவச்சி தன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

அதுவும் சுடவில்லை.